டிவி ஒயரைச் சுவருக்குள் விடும் முன் ஒரு சாண் வெட்டிப் பாருங்கள்

கேள்வி: புதுக்கோட்டை பக்கம் மாடி வீடு கட்டுகிறோம். அடுத்த வாரம் பூச்சு வேலை. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து கீழே ஹாலுக்கு 25 மீட்டர் ஒயர் தேவைப்படும். எலெக்ட்ரீஷியன் ஆர்ஜி 59 ரக ஒயர் போதும் என்கிறார். கடைக்காரர் ஆர்ஜி 11 வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆர்ஜி 6 வாங்குங்கள். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும்; ஆர்ஜி 59-ல் அது வழியிலேயே மெலிந்துவிடும். பழைய வகை கேமராக்களுக்குத்தான் அந்த ஒயர் சரி. ஆர்ஜி 11 நல்ல ஒயர்தான், ஆனால் பருமன் அதிகம், பைப் வளைவுகளில் மடங்காது. 25 மீட்டருக்கு அது தண்டச் செலவு.

உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "ஒயர் நானே வாங்கிட்டு வர்றேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். உறைமேல் ஆர்ஜி 6 என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கடையிலேயே ஒரு சாண் வெட்டி பிளேடால் உரித்துப் பாருங்கள். கறுப்பு உறைக்குள் கம்பி வலை, அதற்குள் வெள்ளித் தாள், அதற்குள் வெள்ளை நுரை, நடுவில் கம்பி. வலையில் பத்துப் பதினைந்து இழைதான் இருக்கிறது, தாள் பளிச்சென்று வெளியே தெரிகிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடுக்கம்பி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

அப்புறம் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. ஒட்டவில்லை என்றதும் செம்பு என்று முடிவு கட்டாதீர்கள். சுரண்டினால் வெள்ளையாகத் தெரிகிறதா, அது அலுமினியம்.

இரும்பு என்றாலே மோசமா? இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டிவி சிக்னல் கம்பியின் மேற்தோலில்தான் ஓடும், அதற்குச் செம்புப் பூச்சே போதும். ஆனால் டிஷ் இணைப்பில் செட்டாப் பாக்ஸ் அதே கம்பி வழியாக 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை மேலே எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் கருவிக்கு, அனுப்புகிறது. இரும்பு அதை ஓரளவு தடுக்கும். ஒயர் நீள நீள வோல்ட் குறையும், 18 வோல்ட் கேட்கும் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். உங்கள் 25 மீட்டருக்கு இரும்பு நடுக்கம்பி தாராளமாகப் போதும். 40, 50 மீட்டர் என்றால் முழுச் செம்பு கேளுங்கள். கேபிள் டிவி இணைப்பு என்றால் வீட்டிலிருந்து மின்சாரம் மேலே போவதில்லை, இந்தக் கவலையே வேண்டாம்.

சுவருக்குள் ஒட்டு மட்டும் கூடவே கூடாது. ஒரு வீட்டில் மழை பெய்தாலே படம் உறைந்தது. பாக்ஸை இரண்டு முறை மாற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பூச்சை உடைத்தால், இரண்டு ஒயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. லைட், ஃபேன் பாயிண்ட் எல்லாம் வீட்டு பிளானில் வருகிறது, டிவி ஒயருக்கு ஒரு கோடு போட யாருக்கும் மனம் வருவதில்லை. இணைப்பு கொடுக்க வருபவர் கையில் அளந்து கொடுத்த துண்டுதான் இருக்கும். பற்றாவிட்டால் அவர் ஒட்டுத்தான் போடுவார்.

எனவே பூச்சுக்கு முன்பே, மின்சார ஒயர் போகாத தனி பைப்பில் ஒரே நீளமாக இழுத்துவிடுங்கள். இரு முனையிலும் ஒரு மீட்டர் கூடுதலாக விடுங்கள். டிஷ் பக்கம் ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டு ஏற்றினால் மழைநீர் கனெக்டருக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். அதே பைப்பில் ஒரு நைலான் கயிறும் கிடக்கட்டும், நாளை இன்டர்நெட்டுக்கு ஃபைபர் ஒயர் இழுக்கும்போது சுவரை உடைக்க வேண்டியிருக்காது.