பக்கத்து ஊர் நிறுவனத்துக்கு எழுதித் தர ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். புதுச்சேரி நிறுவனம் ஒன்றுக்கு விளம்பரக் கட்டுரைகளும் மொழிபெயர்ப்பும் வீட்டிலிருந்தே செய்து தருகிறேன். ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் அளவுக்கு வருகிறது. ‘புதுச்சேரி தனிக் கணக்கு; ஜிஎஸ்டி எண் இல்லாமல் பில் ஏற்க மாட்டோம்’ என்று சொல்லி, நான்கு மாதப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதிவு செய்து தர ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா, ஐயா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. சேவை தருபவரின் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை என்பதே தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உள்ள விதி.

‘தனிக் கணக்கு’ என்று அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அன்று. எல்லை ஊரான முள்ளோடையைத் தாண்டிவிட்டால் ஜிஎஸ்டி எண்ணின் தொடக்கம் 33 என்பதிலிருந்து 34 என மாறிவிடுகிறது. ஆகவே நீங்கள் செய்வது மாநிலம் கடந்த சேவைதான். மாநிலம் கடந்து எதைத் தந்தாலும், வரவு எவ்வளவு சிறியதாயினும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் முதலில் சொன்னது. பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஊருக்கு நான்கு பக்கம் எழுதித் தருபவரையும், நாடெங்கும் கிளை வைத்திருப்பவரையும் ஒரே தட்டில் வைத்த அந்த விந்தையை, 13.10.2017 அன்று வெளிவந்த ஒருங்கிணைந்த வரி அறிவிக்கை எண் 10/2017 நீக்கிவிட்டது. மாநிலம் கடந்து சேவை தருபவருக்கும் 20 லட்சம் வரை பதிவிலிருந்து விலக்கு உண்டு என்பது அதன் சாரம். கவனியுங்கள்: சேவைக்குத்தான் விலக்கு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எல்லை கடந்து சரக்கு விற்றுப் பதிவு செய்திருக்கலாம். அவர் கதை வேறு. எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் சேவை. உங்கள் பான் எண்ணில் வேறு தொழில் வரவு இருந்தால் மட்டும் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அறிவிக்கை வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் பழைய விதியையே ஓதிக்கொண்டிருப்பதும், அதைத் திருத்த வேண்டிய துறை எளிய தமிழில் ஒரு பக்க விளக்கம்கூடச் சிற்றூர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காததும் எனக்குப் பெரும் சலிப்பைத் தருகின்றன.

‘எடுத்து வைத்தால் என்ன நட்டம்?’ என்று அந்த இடைத்தரகர் கேட்பார். பதிவுக்கு அரசு ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. ஐயாயிரம் முழுவதும் அவருக்குத்தான். அத்துடன் முடிவதும் இல்லை. பதிவு எடுத்தபின் வேலையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வரியில்லாக் கணக்குக்கு நாளொன்றுக்கு 20 ரூபாயும், வரியுள்ள கணக்குக்கு 50 ரூபாயும் தாமதக் கட்டணம் ஏறும். அந்தத் தாக்கலைச் செய்து தருவதாக அவரே மறுபடி பணம் கேட்பார். ரத்து செய்யப் போனாலோ இறுதிக் கணக்கு என்று இன்னொரு படிவம். ஓடிபி எண்ணையும் கடவுச்சொல்லையும் அவரிடம் கொடுத்துவிட்டு, தம் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்றே தெரியாமல் என்னிடம் வருபவர்கள் பலர்.

நீங்கள் செய்துகொள்ள வேண்டிய பதிவு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. தனி ஆளாக வேலை செய்பவரும் இதில் குறு நிறுவனமாகவே கொள்ளப்படுவார். அரசின் உத்யம் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொண்டு நீங்களே செய்யலாம். அதற்கும் கட்டணம் இல்லை. தேடும்போது முதலில் வந்து நிற்கும் தளங்களில் பல தனியாருடையவை; அசோகச் சின்னம் போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் கேட்கும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

இந்தப் பதிவால் வரும் பயன் பெரிது. பதிவுபெற்ற குறு நிறுவனத்துக்கு, எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள், பேசாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. மேலும், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த திருத்தப்படி, கெடுவுக்குள் தராத தொகையை நிறுவனம் உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டி வரிக் கழிவு பெற முடியும். உங்கள் கடிதத்துக்கு அசையாத முதலாளி, ஆண்டு முடிவில் தம் ஆடிட்டர் இதைச் சொன்னால் அசைவார். பணம் வராவிட்டால், இத்தகைய நிலுவைகளை விசாரிக்க அச்சட்டப்படி அமைந்த வசதிமன்றத்தில், நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே, இணையவழியில் முறையீடு தாக்கல் செய்யலாம். நிறுவனம் புதுச்சேரியில் இருப்பது தடையன்று. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை எழுதுங்கள், ‘ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள், அறிவிக்கை 10/2017இன்படி ஜிஎஸ்டி பதிவு விலக்கு’ என்ற வரியையும் சேருங்கள். ஜிஎஸ்டி என்று தனித் தொகை எதையும் போடாதீர்கள். அவர்கள் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்தால் அஞ்ச வேண்டாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பான் எண் தராவிட்டால்தான் 20 சதவீதம் போகும்.

நிலுவையில் உள்ள நான்கு மாதப் பணம் உத்யம் பதிவுக்கு முந்தைய வேலைக்கானது என்பதால், அதற்கு மேற்சொன்ன வசதி கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வேலை கேட்டு வந்த மின்னஞ்சல், அனுப்பிய கோப்பு, பில் ஆகியவற்றின் நகல்களோடும் அந்த அறிவிக்கையின் நகலோடும் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். வேலை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்பதையும் அக்கடிதத்தில் குறிப்பிடுங்கள்.