தங்கூசி, பொலித்தீன், ஆமை: கேள்வி பதில்

கேள்வி (பாசையூர்): ஐயா, கரையில் ஒதுங்கிய ஆமையின் வாயில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) தொங்கியது. இழுத்தோம், வரவில்லை. பிழையா?

பிழைதான். இழுக்கவே கூடாது. உள்முனை எங்கேயோ மாட்டியிருக்கும். குடலோ தங்கூசியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பாவாடை நாடா இழுபட்டதுபோல் குடல் சுருங்கிக் கிடக்கும்போது நாம் வெளியிலிருந்து இழுத்தால் தங்கூசி குடலை அறுத்துவிடும். ஒரு முழம் விட்டு வெட்டுங்கள். நிழலில் வைத்து ஈரச்சாக்குப் போர்த்துங்கள், மூக்கை மூடாமல். வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். பாவம் என்று கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். களைத்த ஆமை மூச்செடுக்க மேலே வரமுடியாமல் மூழ்கிச் சாகும்.

கேள்வி: சொறிமுட்டை (ஜெலிமீன்) என்று நினைத்தா பொலித்தீனைத் தின்கிறது?

அது பாதிதான். கடலில் ஊறிய பிளாஸ்ரிக்கில் பாசி பிடித்தால் இரையின் மணம் வருகிறது. பெருந்தலை ஆமைகளை வைத்துச் செய்த சோதனையொன்று 2020இல் வெளியானது: இரையின் மணத்துக்கும் பாசி பிடித்த பிளாஸ்ரிக்கின் மணத்துக்கும் அவை ஒரே மாதிரித்தான் மூக்கை நீட்டின.

கேள்வி: மீனும் பிளாஸ்ரிக்கைத் தின்னுமே, மீன் சாப்பிடலாமா?

குடலை எடுத்துவிட்டுச் சமையுங்கள். நெத்தலியையும் கிள்ளி எடுங்கள்.

கேள்வி: கடலில் இவ்வளவு பிளாஸ்ரிக் சேர 2021இல் எரிந்த கப்பல்தானே காரணம்?

எக்ஸ்பிரஸ் பேர்ள் கொழும்புக்கு அப்பால் எரிந்தது. அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் மட்டும் சுமார் 1,680 தொன். பெரிய அநியாயம். ஆனால் குருநகர் இறங்குதுறையில் மிதக்கும் சொப்பிங் பை அந்தக் கப்பலில் வந்ததல்ல.

கேள்வி: மீன் சாப்பிடலாமோ?

மேலே பாருங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): கடலில் கிடக்கும் வலைத் துண்டுகளுக்கு எங்களைக் குறை சொல்கிறார்கள். வலையை அறுத்துவிட்டுப் போவது இந்திய றோலர் (இழுவைப் படகு) அல்லவா?

உண்மை. இரவில் விரித்த வலைக்கு மேலால் இழுத்துக்கொண்டு போவார்கள். விடிய மிதவைதான் மிஞ்சும். அறுந்த துண்டு அடியில் கிடந்து ஆளில்லாமலே மீன் பிடிக்கும். இங்கே இழுவைமடிக்கு 2017இலேயே சட்டத்தில் தடை.

கேள்வி (அவரே): அப்போ எங்களில் என்ன பிழை?

தம்பி, றோலர் களப்புக்குள் வருவதில்லை. போன மாதம் பண்ணைப் பாலத்தடியில் ஒரு நண்டுவலைத் துண்டு எடுத்தேன். இரண்டு நண்டுக் கோது, உயிரோடு ஒன்று, காலெல்லாம் சுற்றியபடி. வெட்டி எடுக்கக் கால் மணித்தியாலம் போனது. கிழிந்ததைக் கரைக்குக் கொண்டுவர என்ன செலவு?

கேள்வி (அவரே): டீசல் செலவு ஐயா.

ஒரு துண்டு வலைக்கா?

கேள்வி: ஆமையின் பின்பக்கம் தங்கூசி தொங்கினால்?

இழுக்காதீர்கள்!