மகள் புற்றுநோய் மருந்து ஆய்வுக்குப் போகிறேன் என்கிறாளா? பினாங்கு பிறையிலிருந்து எழுதிய அக்காவுக்கு

அக்கா, நீங்கள் அனுப்பிய நீளமான வாட்ஸ்அப் செய்தியைப் பொறுமையாகப் படித்தேன். மகள் குளுகோர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறாள், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு "எச்டாக் தடுப்பான்" என்று வாயில் நுழையாத தலைப்பைக் கேட்டிருக்கிறாள், அது போதாதென்று மாஸ்டர்ஸ், பிஎச்டி என்றும் பேச ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையனோ டிப்ளோமாவோடு நிறுத்திக்கொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மாதா மாதம் சம்பளம் வாங்குகிறான். கடைசி வரியில், போகிற போக்கில் கேட்பது போல, "புற்றுநோய் செல்லைக் கையால் எடுக்கிறாளாமே, ஒட்டிக்கொள்ளாதா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

ஒட்டாது. லேப்பில் வளர்க்கிற புற்றுநோய் செல்கள் வேறொரு மனிதரின் செல்கள். தவறிக் கையில் பட்டாலும், ஆரோக்கியமான உடம்பு அதை அந்நியப் பொருள் என்று அடையாளம் கண்டு அழித்துவிடும். ஆனாலும் மனித செல் என்றாலே அதில் வைரஸ் ஏதாவது ஒளிந்திருக்கலாம் என்ற கணக்கில்தான் வேலை செய்வார்கள்: கையுறை, கோட்டு, காற்றை வடிகட்டுகிற கண்ணாடிப் பெட்டிக்குள் கை விட்டு வேலை. ஹெப்பாடைட்டிஸ் பி ஊசி போட்டிருக்க வேண்டும். நம் மலேசியாவில் 1989லிருந்தே குழந்தைகளுக்குப் போடுகிறார்கள், மகளின் பழைய கிளினிக் புத்தகத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள். எனக்குக் கேட்டால் செல்லைவிட ரசாயனத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மருந்தைக் கரைக்க டிஎம்எஸ்ஓ என்று ஒரு திரவம் உண்டு, அது தோல் வழியாக உள்ளே போகும், போகும்போது தன்னில் கரைந்திருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகும். புரதங்களைப் பிரிக்கிற ஜெல்லை ஊற்றும்போது, இன்னும் இறுகாத அக்ரிலமைடு நரம்புக்குக் கெடுதல். செல்களைச் சேமித்து வைக்கிற திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. ஒழுங்காகப் பயிற்சி கொடுக்கிற லேப்பில் இதெல்லாம் அன்றாட வேலைதான். பயிற்சி கொடுக்காமல் "சீனியரைப் பார்த்துக் கத்துக்கோ" என்று விட்டுவிடுகிற லேப் என்றால் நானே வேண்டாம் என்று சொல்வேன்.

சரி, அந்தத் தலைப்பு என்னவென்று நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் சாப்பாட்டு மேசையில் அவள் பேசுவதும் நீங்கள் கவலைப்படுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறக்குறைய 2 மீட்டர் நீள டிஎன்ஏ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் அது அடங்கவேண்டும் என்பதற்காக ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அலமாரியில் சேலைகளை இறுக்கி அடுக்கி வைத்தால் நடுவிலிருக்கும் சேலையை உருவ முடியாது, கொஞ்சம் தளர்த்தினால்தான் எடுத்துக் கட்டலாம். மரபணுவும் அப்படித்தான், சுற்று தளர்ந்தால்தான் செல் அதைப் படிக்க முடியும். அசெட்டைல் என்ற சின்ன ரசாயனத் துண்டு ஹிஸ்டோனில் ஒட்டினால் பிடி தளர்கிறது. அந்தத் துண்டைக் கழற்றி மறுபடி இறுக்குகிற என்சைமின் பெயர்தான் ஹிஸ்டோன் டீஅசெட்டிலேஸ், சுருக்கமாக எச்டாக். மனிதரில் இந்த வகை 18 உண்டு, அதில் 11 துத்தநாகத்தை வைத்து வேலை செய்பவை, பெரும்பாலான மருந்துகள் குறிவைப்பது இவற்றைத்தான். சில புற்றுநோய்களில், வளர்ச்சியை நிறுத்தச் சொல்ல வேண்டிய மரபணுக்களே மூடிக் கிடக்கின்றன. எச்டாக்கைத் தடுத்தால் பி21 போன்ற மரபணுக்கள் மீண்டும் விழித்து, செல் பெருகுவதை நிறுத்தலாம், முதிர்ந்து சாதாரண செல் போல நடக்கலாம், அல்லது செத்துப்போகலாம். (நிஜத்தில் இது இவ்வளவு நேராக நடப்பதில்லை. இந்த என்சைம்கள் ஹிஸ்டோனை மட்டுமல்ல, வேறு பல புரதங்களையும் தொடுகின்றன. அந்தச் சிக்கல்தான் உங்கள் மகளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.)

இது ஏதோ புது ஃபேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். 1971இல் அமெரிக்காவில் சார்லட் ஃப்ரெண்ட் என்ற பெண் விஞ்ஞானி, எலியின் இரத்தப் புற்று செல்களில் நான் மேலே சொன்ன அதே டிஎம்எஸ்ஓவை ஊற்றியபோது, அந்த செல்கள் முதிர்ச்சியடைந்து ஹீமோகுளோபின் தயாரிக்க ஆரம்பித்தன. புற்றுச் செல்லைக் கொல்லாமலே திருத்த முடியுமா என்ற கேள்வி அங்கிருந்து கிளம்பியது. பால் மார்க்ஸ், ரிச்சர்ட் ரிஃப்கின்ட் இருவரும் ரொனால்ட் பிரெஸ்லோ என்ற வேதியியலாளரோடு சேர்ந்து, அதைவிட வலுவான பொருளைத் தேடி வருடக்கணக்காக மூலக்கூறு மேல் மூலக்கூறாகச் செய்து பார்த்தார்கள். நல்ல ஒன்று கிடைத்த பிறகும் அது செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. அதற்கிடையில் ஜப்பானில் 1990இல் மினோரு யோஷிடாவின் குழு, பூஞ்சைக்கு எதிராகக் கண்டுபிடித்த டிரைக்கோஸ்டேட்டின் என்ற பொருள் எச்டாக்கைத் தடுக்கிறது என்று காட்டியது. 1996இல் ஹார்வர்டில் ஸ்டுவர்ட் ஷ்ரைபரின் குழு அந்த என்சைமையே பிரித்தெடுத்தது. அதற்குப் பிறகுதான் மார்க்ஸ் குழுவின் மருந்தும் அதே என்சைமைத்தான் பிடிக்கிறது என்பது தெளிவானது. அதுதான் வோரினோஸ்டாட், தோலில் வரும் ஒரு வகை லிம்ஃபோமாவுக்கு (நிணநீர் செல்களின் புற்று) 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1971லிருந்து 2006 வரை, 35 வருஷம்! "எப்ப மருந்து கண்டுபிடிப்பே?" என்று மகளைக் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த ரோமிடெப்சின் (2009) ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. ஜப்பானிய மண்ணில் எடுத்த குரோமோபாக்டீரியம் வயலேசியம். இந்த ஊதாநிறக் கிருமிக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு, அது மனிதருக்கு நோய் உண்டாக்கியதை முதலில் பதிவு செய்தது 1927இல் மலாயாவில்தான். மண்ணில் கிடந்து ஆளைக் கொல்லக்கூடிய கிருமிதான் மருந்தும் தருகிறது. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள், அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அசந்துபோவாள்.

இனி கசப்பான பக்கம். அவள் தாத்தா மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றில் போனார், அதனால்தான் அவளுக்கு இந்த ஆர்வம் என்று எழுதியிருந்தீர்கள். அதே நோய்க்குப் பானோபினோஸ்டாட் என்ற எச்டாக் தடுப்பான் 2015இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. பலனை உறுதிப்படுத்த வேண்டிய சோதனைகளை நிறுவனம் முடிக்காததால் 2022இல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. இந்த வகை மருந்துகள் நன்றாக வேலை செய்தது லிம்ஃபோமா போன்ற இரத்தம் சார்ந்த புற்றுநோய்களில்தான். மார்பகம், குடல், நுரையீரல் போன்ற கட்டிகளில் தனியாகக் கொடுத்து எதிர்பார்த்த பலன் வரவில்லை. எண்டினோஸ்டாட் என்ற மருந்தை ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்து மார்பகப் புற்றுக்குப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள், நோயாளிகளின் ஆயுள் நீளவில்லை. களைப்பு, வயிற்றுப்போக்கு, இரத்தத் தட்டணுக்கள் குறைவது என்று பக்கவிளைவும் இருக்கிறது. ஆக மகள் போகிற துறை செத்துப்போனதும் இல்லை, நாளைக்கே நோயை விரட்டப் போவதும் இல்லை. 2024இல்கூட கிவினோஸ்டாட் என்ற எச்டாக் தடுப்பானுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் அது புற்றுக்கு இல்லை, டூஷேன் என்ற தசைச் சிதைவு நோய்க்கு. ஆராய்ச்சி இப்படித்தான், ஒரு வாசலைத் தட்டினால் வேறொரு வாசல் திறக்கும். தாத்தாவுக்காக என்று மட்டும் உள்ளே போகிற பிள்ளைகள் முதல் வருடத்திலேயே உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தினசரி வேலையும் பிடித்திருக்க வேண்டும்.

அந்தத் தினசரி வேலை எப்படி இருக்கும்? செல்களை 37 டிகிரியில், 5 சதவீத கார்பன்டைஆக்ஸைடில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உணவுத் திரவம் மாற்ற வேண்டும். தீபாவளி என்று செல்லுக்குத் தெரியாது. 96 குழித் தட்டில் மருந்தைப் பல அளவுகளில் விட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து எத்தனை செல் பிழைத்திருக்கிறது என்று எம்டிடி சோதனையில் ஊதா நிறத்தை அளக்க வேண்டும். வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில், ஹிஸ்டோனில் அசெட்டைல் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டு நாள் வேலை, கடைசியில் வெறும் வெள்ளைப் படம் வரலாம். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா தொற்றிவிட்டால் மொத்த செல்லையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதையெல்லாம் செய்து, தவறை நோட்டுப் புத்தகத்தில் நேர்மையாக எழுதி வைத்து, மறுநாள் மறுபடி செய்கிற பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்பது இறுதியாண்டு ப்ராஜெக்டிலேயே தெரிந்துவிடும். அதனால் ப்ராஜெக்டைத் தடுக்காதீர்கள், பிஎச்டி பேச்சை இப்போது எடுக்கவும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. தட்டில் செல் செத்தது என்று மகள் சந்தோஷமாகச் சொன்னால், குடும்பக் குழுவில் "புற்றுநோய்க்கு மருந்து ரெடி" என்று போட்டுவிடாதீர்கள். உப்பை அதிகமாகப் போட்டாலும் அந்தத் தட்டில் செல் சாகும். நல்ல செல்லை விட்டுவிட்டு கெட்டதை மட்டும் கொல்கிறதா, உடம்புக்குள் போய் தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. மூலிகைச் சாறு செய்திகள் பாதி இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகின்றன.

நான் உங்களிடம் வலியுறுத்துவது ஒன்றே ஒன்று: தலைப்பைவிட சூப்பர்வைசரைப் பாருங்கள். எச்டாக் என்றாலும் வேறு எதுவானாலும், நாளைக்கு வேலை கொடுப்பவர் கேட்கப் போவது "செல் கல்ச்சர் தெரியுமா, தரவை அலசத் தெரியுமா, அறிக்கை எழுதத் தெரியுமா" என்பதைத்தான். மகளை அந்த லேப்பில் இப்போது இருக்கிற மாஸ்டர்ஸ் மாணவர்களிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறாரா? போன சீனியர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஆய்வு மானியம் எப்போது முடிகிறது? அதிலிருந்து உதவித்தொகை உண்டா, இல்லை சொந்தக் காசா? எச்டாக் தடுப்பான்களும், புரதத்தை அடையாளம் காட்டுகிற ஆன்டிபாடிகளும் விலை அதிகம், மானியம் தீர்ந்த லேப்பில் பிள்ளை வாய்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிவரும். நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பாள், நம் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் இதைக் கேட்காமல் இரண்டு மூன்று வருடத்தை யாரும் எழுதிக் கொடுக்கக்கூடாது.

வேலை என்று பார்த்தால், ஆராய்ச்சி மட்டும் செய்கிற இடங்கள் நம் நாட்டில் குறைவுதான், மறைக்க மாட்டேன். சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியா, செராஸில் யூகேஎம் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு உயிரியல் கழகம், பெர்த்தாமில் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம், அப்புறம் மற்ற பல்கலைக்கழகங்கள். ஆனால் பக்கவழிகள் நிறைய. மருத்துவமனைகளில் நடக்கிற மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைக்கிற வேலை இருக்கிறது, அதற்காகவே கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பை அரசாங்கம் 2012இல் தொடங்கியது. பெட்டாலிங் ஜெயாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மருந்து நிறுவனங்கள் கொடுக்கிற கோப்புகளைத் தயாரிக்க ஆள் வேண்டும். பாயான் லெப்பாஸ் என்றால் சிப் மட்டும் என்று நினைக்காதீர்கள், மருத்துவக் கருவி நிறுவனங்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன, தரக் கட்டுப்பாட்டு லேப்பில் கிருமிச் சோதனை தெரிந்தவர்கள் தேவை. லேப் கருவிகளை விற்கிற நிறுவனங்களில் அதை இயக்கிக் காட்டிப் பயிற்சி கொடுக்கிற வேலையும் பேச்சுத்திறமை உள்ள பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும். மருத்துவமனை லேப்தான் வேண்டும் என்றால் மட்டும் கவனம்: துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் பல பிரிவுகளுக்குப் பதிவு தேவை, அவளுடைய பட்டம் அதற்குச் செல்லுமா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

என் யோசனை: இறுதியாண்டை முடிக்கட்டும், ஒரு வருடமாவது வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யட்டும், அதன் பிறகும் லேப் கனவில் வந்தால் உதவித்தொகையோடு மாஸ்டர்ஸ் போகட்டும். உதவித்தொகையோ ஆய்வு உதவியாளர் வேலையோ இல்லாமல் வீட்டுக் காசில் பிஎச்டி வேண்டாம். மாமா கடன் கொடுக்கிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். கல்யாண வயது பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது என் துறை இல்லை அக்கா, ஆனால் பிஎச்டி படித்துக்கொண்டே கல்யாணம் செய்து பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் இருப்பேன், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இதுவரை வந்த செமஸ்டர் முடிவுகள், ப்ராஜெக்ட் தலைப்புப் பட்டியல், பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன்) கடிதம் மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் வகுப்பு கிடைக்கும் தூரத்தில் இருந்தால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், அதற்கு நிபந்தனைகள் உண்டு, உட்கார்ந்து பார்த்துவிடலாம். அண்ணனும் வந்தால் நல்லது, கணக்கு வழக்கு எல்லாம் அவரிடம்தானே.