திரும்பி வராத நூலகப் புத்தகங்கள்: அபராதம் போடலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன், நூலகப் பொறுப்பும் என்னிடமே உள்ளது. ஜூன் முதல் மாணவர்களுக்குக் கொடுத்த புத்தகங்களில் 140 இன்னும் திரும்பவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பலமுறை அறிவித்தும் பயனில்லை. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்கிறார் ஒருவர். மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். தணிக்கையை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். நாளுக்கு ஒரு ரூபாய் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு மாதம் கடந்தால் அது 60 ரூபாய், அதாவது பல சிறுவர் கதைப் புத்தகங்களின் விலையே அவ்வளவுதான். அந்தக் கடனைச் சுமந்துகொண்டு எந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையும் நூலக அறைப் பக்கம் வராது. சிகாகோ நகரப் பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தை அடியோடு நீக்கியபோது, அடுத்த சில வாரங்களில் திரும்பி வந்த புத்தகங்கள் வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தன. மாற்றுச் சான்றிதழைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைக்கு அதை உடனே வழங்க வேண்டும் என்றும், தாமதித்தால் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும் என்றும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பத்தாம் வகுப்பினர் அதற்குள் வரமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்காக நிற்கும் ஒரு பிள்ளையை ஒரு கதைப் புத்தகத்துக்காக மறிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

முதல் வேலை மாணவர்களிடம் அன்று, பீரோவிடம். இரவல் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்குகளை ஒருமுறை முழுதாகச் சரிபாருங்கள். மணியடிக்கும் அவசரத்தில் பிள்ளைகள் மேசைமேல் வைத்துவிட்டு ஓடிய புத்தகங்கள், பதிவேட்டில் அடிக்கப்படாமலேயே அடுக்குக்குப் போயிருக்கும். இல்லாத கடனுக்காக ஒரு பிள்ளையைக் கேட்டுவிட்டால், அதன்பின் நீங்கள் எது கேட்டாலும் அந்த வகுப்பு நம்பாது.

மீதியுள்ள பெயர்களை வகுப்புவாரியாகப் பிரித்தெழுதுங்கள். மறந்தவர்கள், தோழிக்கோ தம்பிக்கோ கைமாற்றிக் கொடுத்தவர்கள், தொலைத்தவர்கள் அல்லது கிழித்தவர்கள் என மூன்று வகையினர் அதில் இருப்பார்கள். முதல் இரு வகையினருக்கு நினைவூட்டினாலே போதும். மூன்றாம் வகையினர்தாம் வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொள்பவர்கள். வாசிக்க வாசிக்க அவர்கள் இன்னும் தள்ளித்தான் போவார்கள். என் பொறுப்பில் நூலகம் இருந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏழு மாதம் நூலகப் பாடவேளையில் மட்டும் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே படுத்திருந்தாள். மழையில் கூரை ஒழுகி, புத்தகம் நனைந்து, பக்கங்கள் அப்பளம்போல் விறைத்துப்போயிருந்தன. அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றிப் பைக்குள்ளேயே நாள்தோறும் எடுத்து வந்திருக்கிறாள். நான் செய்த தவறு, 'கிழிந்திருந்தாலும் பரவாயில்லை' என்ற ஒரு சொல்லை முன்கூட்டியே சொல்லாததுதான்.

ஆகவே ஒருவருக்கு ஒரு சீட்டு எழுதி, மடித்து, வகுப்பாசிரியர் வழியாகத் தனித்தனியே கொடுங்கள். 'உன்னிடம் எண் 412 உள்ள சிறுகதைப் புத்தகம் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். கிழிந்திருந்தால் அப்படியே கொண்டு வா. தொலைந்திருந்தால் என்னிடம் வந்து சொல், திட்டமாட்டேன்' என்ற அளவில் இருந்தால் போதும். அதே வாரம் நூலக வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை வையுங்கள். யார் போட்டார்கள் என்று நின்று பார்க்க வேண்டாம், புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்துப் பின்னர் பதிவேட்டில் அடித்துக்கொள்ளலாம். இதற்கு ஏற்ற காலம் போகிக்கு முந்தைய வாரமும் அதற்கடுத்த வாரமும். பரணும் அலமாரியும் அப்போதுதான் ஒழிக்கப்படுகின்றன. கட்டிலடியில் கிடந்த புத்தகங்கள் வெளிச்சத்துக்கு வருவதும், கவனிக்காமல் விட்டால் நெருப்புக்குப் போவதும் அப்போதுதான்.

நிஜமாகவே தொலைந்தவற்றுக்கு அதே புத்தகத்தைத்தான் வாங்கித் தர வேண்டும் என்று நிற்காதீர்கள். அது பதிப்பில் இல்லாமலே போயிருக்கலாம். வீட்டில் படித்து முடித்த வேறொரு நல்ல புத்தகத்தை ஏற்றுக்கொண்டு, புது எண்ணில் பதியலாம். அதற்கும் வழியில்லாத வீடென்றால், அந்தப் பிள்ளை இரண்டு பாடவேளை உங்களுடன் உட்கார்ந்து பிரிந்த அட்டைகளுக்கு மைதாப் பசை தடவி ஒட்டிக் கொடுக்கட்டும். கூப்பிடும் தொனியில் அது தண்டனையாகிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

தணிக்கை குறித்த அச்சம் எனக்குப் புரிகிறது. பல பள்ளிகளில் பீரோ திறக்கப்படாமலிருப்பதற்கு அதுவே காரணம். மத்திய அரசு அலுவலகங்களுக்கான 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 215ஆம் விதி, ஓராண்டில் வழங்கிய அல்லது பார்வையிட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை இழப்பை இயல்பானதாகவே கொள்கிறது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. உங்கள் பள்ளிக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாது. எனினும், படிக்கக் கொடுத்தால் சில தொலையும் என்பதை அரசின் விதியே ஒப்புக்கொள்கிறது என்று தலைமையாசிரியரிடம் சொல்ல அது உதவும். தொலைந்தவற்றின் எண், பெயர், விலை, எடுத்த முயற்சி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஆண்டுதோறும் அவரிடம் கையொப்பம் பெற்றுக் கோப்பில் வையுங்கள்.

நூலகத்தின் முதல் விதியாகப் 'புத்தகங்கள் பயன்பாட்டுக்கே' என்று 1931இல் எழுதிய சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன், அந்த விதியை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒருகாலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததைக் குறிப்பிடுகிறார். நம்மிடம் சங்கிலி இல்லை, பூட்டு இருக்கிறது.

வரும் ஜூனில் பதிவேட்டைத் தேதிவாரியாக எழுதாமல், ஒரு மாணவருக்கு ஒரு பக்கம் என்று எழுதத் தொடங்குங்கள்; யாரிடம் எது உள்ளது என்பது புரட்டியவுடன் தெரியும். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரே கிழமையை நூலக நாளாக வைத்தால், கெடுத்தேதியைப் பிள்ளைகள் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. மார்ச் முதல் வாரத்தோடு வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதன்பின் அறையிலேயே படிக்க விடுங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே பழைய நோட்டுகளோடு சேர்ந்து பள்ளிப் புத்தகங்களும் பேப்பர் கடைத் தராசில் ஏறிவிடும். நம் முத்திரையிட்ட புத்தகம் ஒன்றை நானே அப்படியொரு கடையில் பத்து ரூபாய் கொடுத்து மீட்டிருக்கிறேன்.