அவசர நேரத்தில் பதறாமல் யோசிக்க எப்படிப் பழகிக்கொள்வது?

நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். மூச்சுப் பயிற்சி, தியானம் என்று பலர் சொல்வார்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெற்றவர் கண்முன்னே சாயும்போது அட்ரினலின் ஏறி நெஞ்சு படபடக்கும், சொந்தத் தெருவின் பெயரே வாயில் வராது. அந்த நேரத்து முடிவை இப்போதே எடுத்து எழுதி வைத்துவிட வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, ரத்தக்கொதிப்பு உண்டு என்பதால் ஆத்தாவோடு உட்கார்ந்து ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாய் கோணினால், தூக்கிய கை தானாக இறங்கினால், பேச்சு குழறினால் பக்கவாதம், யாரையும் கேட்காமல் 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எந்தத் தெரு, எந்த வாசல், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எல்லாம் அதில்.

ஒரு நாள் காலை இட்லியைப் பிட்ட கை அப்படியே சரிந்தது. கூடிய உறவில் ஒருவர் புறா ரத்தம் தேய்க்கலாம் என்றார், இன்னொருவர் ஆஸ்பிரின் கொடு என்றார். மூளையில் அடைப்பா கசிவா என்று ஸ்கேனில் பார்க்காமல் ஆஸ்பிரின் தரக் கூடாது. தண்ணீரும் கூடாது, புரையேறும். இரண்டுமே தாளில் இருந்ததால் ஆத்தா யார் பேச்சையும் கேட்கவில்லை, தாளைப் பார்த்துப் படித்தே போனில் விவரம் சொன்னார். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதிலும் சீக்கிரம் போடப் போட நல்லது. அப்பச்சிக்குப் போட முடிந்தது. இன்று தானாக நடக்கிறார்.

கசிவாக இருந்திருந்தால் அந்த ஊசி கிடையாதே என்று கேட்க வருவீர்கள். தெரியும், நான் டாக்டரும் இல்லை. ஆனால் எதுவானாலும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே!

தாளை ஒட்டிய அன்று, நல்ல வீட்டில் இப்படி அபசகுனமாக எழுதி ஒட்டலாமா என்று சண்டைக்கு வந்தவர்களும் இந்த உறவுக்காரர்கள்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பின்வாசல் சாவியைத்தான் பொறுக்க முடியவில்லை. முகப்புப் படி உயரம், ஸ்ட்ரெச்சருக்குப் பின்வாசல்தான் தோது. அந்தச் சாவியோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு மட்டும் ஊருக்கு வரும் பங்காளியிடம். மறுசாவி கேட்டால், பங்கைப் பிடித்துக்கொள்வோமாம். ஓடு மாற்றப் பணம் கேட்டால் மட்டும் அவருக்குப் பங்கு ஞாபகம் வராது. உங்களுடையதும் பங்கு வீடாக இருந்தால் முதலில் சாவி விஷயத்தைப் பேசி முடியுங்கள், தாளை அப்புறம் எழுதலாம்.