அஞ்சாத தலைவர்கள் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்ட்டின் லூத்தர் எழும்பியதுபோல, இன்றைய திருச்சபையைத் திருத்தத் துணிவுள்ள தலைவர்கள் ஏன் எழும்பவில்லை? மேடைகளில் முழங்குகிறவர்கள் பலர் இருந்தும் சபைகளில் எதுவும் மாறக் காணோமே!
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முழக்கத்தைத் துணிவு என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதே இதற்கு முதல் காரணம். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானியச் சீர்திருத்தவாதியான லூத்தர், ஆலயக் கதவில் தம் குறிப்புகளை அறைவதற்காகத் திடீரென்று ஒரு நாள் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர் அல்ல. 1517-க்கு முன் பல ஆண்டுகள் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் சங்கீதங்களையும், ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதப்பட்ட நிருபங்களையும் விளக்கிப் போதித்துவந்தார். அதே ஊரின் சபையில் பிரசங்கித்தார், மக்களின் பாவ அறிக்கையைக் கேட்டார். விட்டன்பர்க் அடங்கிய சாக்சனியை ஆண்ட பிரெடெரிக், பாவத்தின் தண்டனை நீங்கும் என்று சொல்லிப் பணத்துக்கு விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டின் விற்பனையைத் தம் எல்லைக்குள் அனுமதிக்கவில்லை. ஆகவே விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் வரை போய், டெட்சல் என்ற துறவியிடம் சீட்டு வாங்கிவந்தார்கள். வாங்கியபின் மனந்திரும்ப வேண்டிய தேவையே இல்லை என்று நினைத்தார்கள். தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஆத்துமாக்கள் ஏமாற்றப்படுவதைப் பார்த்த ஒரு போதகனின் வேதனையிலிருந்தே, அந்த விற்பனையை எதிர்த்து லூத்தர் எழுதிய 95 குறிப்புகளும் பிறந்தன. விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றில் முதலாவது. அக்டோபர் 31 அன்று அவர் கடிதம் எழுதியது யாருக்குத் தெரியுமா? அந்த விற்பனைக்குப் பொறுப்பாயிருந்த மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கே. பேராயர் பதவியைப் பெறுவதற்காக ஆல்பிரெக்ட் ஃபுகர் வங்கிக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கவே வசூலில் பாதி போய்க்கொண்டிருந்தது.

1521 ஏப்ரல் 17 அன்று, தம் எழுத்துகளை மறுதலிக்கும்படி வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னிலையில் நிறுத்தப்பட்டபோது, லூத்தர் உடனே வீரவசனம் பேசவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டார். மறுநாள்தான், வேதத்தினாலோ தெளிவான நியாயத்தினாலோ தவறென்று காட்டப்பட்டாலொழிய அவற்றை மறுதலிக்க முடியாது என்றார். இந்த நிதானத்தையும் சேர்த்தே நான் துணிவு என்கிறேன். அவரும் குற்றமற்றவர் அல்ல. 1543-இல் யூதருக்கு விரோதமாக அவர் எழுதியவை வெட்கத்துக்குரியவை. அவற்றையும் அதே வேதத்தினாலேயே நாம் தள்ளிவிட வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜெபித்த எண்ணெய்க்கும், பலமடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி வாங்கும் 'விதைக் காணிக்கைக்கும்' ஆசீர்வாதத்தை விலைபேசுகிற ஊழியங்கள் பாவமன்னிப்புச் சீட்டிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகின்றன? திருமண்டலத் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் அமைப்பு) தேர்தல்களில் பணமும் சாதியும் கைகோத்து நிற்பதை நம் சபையார் அனைவரும் அறிவார்கள். சாதியைப் பற்றிய பேச்சும் புதிதல்ல. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகவும் அறுதியாகவும் விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதற்கு இணங்காமல் பலர் விலகிப்போனார்கள். ஆட்கள் குறைவார்கள் என்று அஞ்சி அவர் தம் கட்டளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகப்போகும் இந்நாளிலும், சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. பிற மதத்தாரையும் பிற சபைப் பிரிவுகளையும் கண்டிக்க நம்மில் எவருக்கும் துணிவு தேவைப்படுவதில்லை. தம் சபையின் சந்தாதாரர் முன்பாகவும், தம் சொந்தச் சாதியார் முன்பாகவும், தமக்குச் சம்பளம் கொடுக்கும் கமிட்டியார் முன்பாகவும் அவர்களுடைய தவறைச் சொல்லுகிறவரே நமக்கு வேண்டும். அப்படிப்பட்டவர் எழும்பும்போது அவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தால், எத்தனை குடும்பங்கள் அவர் பக்கம் நிற்கும்? விட்டன்பர்க்கில் லூத்தர் தனித்து நிற்கவில்லை. மெலாங்க்தன் போன்ற உடனூழியரும், அவரைக் கையளிக்க மறுத்த ஆட்சியாளரும் இருந்தார்கள். தலைவர் இல்லை என்று வருந்துகிற நாம், இருக்கிற உண்மையுள்ள போதகரைத் தனியே விட்டுவிடுகிறோம்.

கேள்வி: போதகரின் தவறைச் சுட்டிக்காட்டினால், 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்கிறார்களே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அவர்கள் காட்டும் சங்கீதம் 105:15, பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைச் சொல்லுகிறது, ஊழியரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா என்பதால் சவுலின்மேல் கைபோட மறுத்த தாவீதே, சவுல் செய்தது அநியாயம் என்று அவன் முகத்துக்கு நேரே சத்தமிட்டுச் சொன்னான். அந்தத் தாவீது பாவஞ்செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி சும்மா இருக்கவில்லை. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தார். பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை வேதம் பாராட்டுகிறது.

ஆனால் வதந்தியை வைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை ஏற்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்லுகிறது. பாவம் உறுதிப்பட்டால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளும்படி அடுத்த வசனமே கட்டளையிடுகிறது. பணத்தைப் பற்றிய ஐயமானால், சபையின் பொதுக்கூட்டத்தில் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை எழுத்துமூலம் கேளுங்கள். உங்களோடு இன்னும் இரண்டு குடும்பத்தாரின் கையொப்பமும் அதில் இருக்கட்டும்.