சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் சுவர்: பெயின்டில் பொடி எவ்வளவு இருக்கலாம்?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போன தீபாவளிக்கு முன்னால் வீட்டின் வெளிச்சுவருக்குச் சந்தன நிற எமல்ஷன் அடித்தோம். இரண்டு கோட் அடித்தும் பழைய நிறம் தெரிகிறது என்று பெயின்டர் 20 லிட்டர் பக்கெட்டில் 8 கிலோ வைட்டிங் பவுடரை (சுண்ணாம்புக்கல் மாவு) கலந்து அடித்தார். ஒரே கோட்டில் பளிச்சென்று மூடிவிட்டது. ஆனால் இப்போது சுவரில் சாய்ந்தால் சட்டையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. மழை பெய்தால் சுவர் திட்டுத்திட்டாகக் கருக்கிறது, காய்ந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. கேட்டால், தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது என்கிறார். நிறமி கூடினால் பெயின்ட் நல்லதுதானே? இனி என்ன செய்வது? இரும்பு கேட்டுக்கு எனாமல் அடிக்கும்போதும் இப்படிப் பொடி சேர்க்கலாமா? அதே கலவை அரை பக்கெட் மீதி இருக்கிறது."

முதலில் தண்ணீர் விஷயத்தை முடித்துவிடுவோம். தண்ணீர் கூடினால் பெயின்ட் வடியும், படலம் மெலிசாகும், கவர் ஆகாது. ஆனால் தண்ணீர் காய்ந்து போய்விடும். சுவரில் தங்குவது இரண்டுதான்: நிறம் தரும் பொடியான நிறமியும் அதோடு சேர்ந்த மற்றப் பொடிகளும் ஒரு பக்கம், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பைண்டர் என்கிற பிசின் இன்னொரு பக்கம். காய்ந்த படலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டின் விகிதம்தான் முடிவு செய்கிறது. தண்ணீர் அந்த விகிதத்தை மாற்றுவதில்லை. 8 கிலோ வைட்டிங் மாற்றிவிட்டது.

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு இது கை அறிந்த சங்கதி. வெல்லப் பாகு தாராளமாக இருந்தால் உருண்டை மினுமினுவென்று கெட்டியாக நிற்கும். பொரியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரை தாங்கும். அதற்கப்புறம் பாகு எல்லாப் பொரிக்கும் எட்டாது. உருண்டை பார்க்கப் பெரிதாக இருக்கும், தொட்டால் உதிரும். உங்கள் சுவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

பெயின்ட் துறையில் இதை எடையால் அளப்பதில்லை, கன அளவால் அளப்போம். காய்ந்த படலத்தில் 100 பங்கு இடம் இருந்தால், பொடிகள் எத்தனை பங்கு இடத்தை அடைக்கின்றன என்பதுதான் கணக்கு. இதற்கு நிறமிக் கன அளவு விகிதம் என்று பெயர். ஆய்வகத்தில் சுருக்கமாகப் பி.வி.சி. என்போம். தண்ணீர்க் குழாய் பி.வி.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எடையை ஏன் நம்புவதில்லை என்றால், பொடிக்குப் பொடி அடர்த்தி மாறுகிறது. வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு லிட்டர் இடத்தை அடைக்க 4 கிலோவுக்கு மேல் வேண்டும். வைட்டிங் 2.7 கிலோவிலேயே அடைத்துவிடும். அதாவது ஒரு கிலோ வைட்டிங் படலத்தில் பிடிக்கும் இடம், ஒரு கிலோ டைட்டானியம் பிடிப்பதைவிட ஒன்றரை மடங்கு.

இந்த விகிதம் ஏற ஏறப் பெயின்டின் குணங்கள் மெதுவாக மாறிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் சட்டென்று திரும்புகின்றன. 1949-இல் அஸ்பெக், வான் லூ என்ற இரண்டு அமெரிக்கப் பெயின்ட் ஆய்வாளர்கள் இந்தத் திருப்பத்தைத் தெளிவாகக் காட்டி, அதற்கு நெருக்கடிப் புள்ளி என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பொடித் துகள்களுக்கு நடுவே உள்ள இண்டு இடுக்கை எல்லாம் நிரப்பப் பிசின் சரியாகப் போதுமானதாக இருக்கும் புள்ளி அது. அதற்குக் கீழே இருந்தால் பிசின் ஒரே தொடர்ச்சியான தோலாக இருக்கும், பொடிகள் அதற்குள் புதைந்து கிடக்கும். அதைத் தாண்டினால் பிசின் பற்றாமல் இடுக்குகளில் காற்று வந்து உட்காரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் புள்ளியைக் கண்ணால் பார்க்க வைத்தது ஒரு சின்னச் சோதனை. கண்ணாடிப் பலகையில் 10 கிராம் பொடியை வைத்து, ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தட்டைக் கத்தியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதலில் புட்டு மாவு மாதிரி உதிரியாகவே இருக்கும். இன்னொரு சொட்டு, இன்னொரு சொட்டு. அப்புறம் ஏதோ ஒரு சொட்டில், அதுவரை உதிர்ந்துகொண்டிருந்த பொடி முழுக்க ஒன்றுகூடி, கத்தியோடு சுருண்டு எழும். அந்தச் சொட்டில்தான் இடுக்குகள் நிரம்பின. 100 கிராம் வைட்டிங்குக்கு இதற்கு 15 முதல் 20 கிராம் எண்ணெய் போதும். டால்க் பொடி அதைப் போல இரண்டு மடங்கு கேட்கும். கறுப்பு நிறத்துக்குப் போடும் கார்பன் பொடி இன்னும் எத்தனையோ மடங்கு குடிக்கும். அதனால் நெருக்கடிப் புள்ளி எல்லாப் பெயின்டுக்கும் ஒரே எண் இல்லை. உள்ளே போடும் பொடியைப் பொறுத்து நகரும். அடர்த்தியான நிறம் வேண்டும் என்று ஸ்டெயினர் பாட்டிலை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதும் இதே காரணத்தால்தான் ஆபத்து. அதில் நிறமி நிறைய, பிசின் அநேகமாக இல்லை.

இப்போது உங்கள் பக்கெட்டைக் கணக்குப் பார்க்கலாம். உங்கள் பெயின்டின் சூத்திரம் என் கையில் இல்லை. ஆனால் இந்த மாதிரி வெளிச்சுவர் எமல்ஷன் 20 லிட்டரில் காய்ந்த பிசின் 5 லிட்டர், பொடிகள் 3.3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 40. இதில் 8 கிலோ வைட்டிங் சேர்த்தால் கிட்டத்தட்ட 3 லிட்டர் பொடி கூடுகிறது. பொடி 6.3, பிசின் அதே 5. விகிதம் 56-க்குத் தாவிவிட்டது. எமல்ஷனில் பிசின் நுண்ணிய உருண்டைகளாகத்தான் இருக்கிறது. எண்ணெய் மாதிரி வழிந்து எல்லா இடுக்குக்குள்ளும் போகாது. ஆகவே அதன் எல்லை, அதாவது நெருக்கடிப் புள்ளி, எண்ணெய்ப் பெயின்டைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த வகைக் கலவைகளில் 50-ஐ ஒட்டியே வந்துவிடுவது வழக்கம். போதாததற்கு, தொழிற்சாலையில் அதிவேக இயந்திரத்தில் பொடியைத் துகள் துகளாகப் பிரித்து நனைத்து எடுப்பார்கள். பக்கெட்டில் குச்சியை விட்டுக் கலக்கினால் கட்டி கட்டியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் பிசின் துளிகூடப் போயிருக்காது.

சரி, அப்படியானால் ஒரே கோட்டில் எப்படி மூடியது? மூடியதில் பெரும்பங்கு வைட்டிங்கால் இல்லை, காற்றால்.

ஒரு பொருள் இன்னொன்றுக்குள் வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால், இரண்டும் ஒளியை வளைக்கும் அளவில் வித்தியாசம் வேண்டும். அந்த அளவுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். டைட்டானியத்தின் ரூட்டைல் வகைக்கு அது 2.7, பிசினுக்கு 1.5. பெரிய இடைவெளி, அதனால்தான் அது அசல் வெள்ளை நிறமி. (கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட்தான் அதற்கான தாது.) வைட்டிங்குக்கு 1.6. பிசினுக்குள் மூழ்கினால் அது ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. ஆனால் வைட்டிங்கைச் சுற்றிப் பிசினுக்குப் பதில் காற்று இருந்தால், காற்றின் எண் 1. வித்தியாசம் வந்துவிட்டது, வெள்ளை வந்துவிட்டது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், பழைய கறை எல்லாம் அப்படியே தெரியும். அடித்தது போதாதோ என்று தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் சுவர் பளீரென்று இருக்கும். இடுக்கில் இருந்த தண்ணீர் போய்க் காற்று வந்ததுதான் காரணம். தண்ணீரின் எண் 1.33, சுண்ணாம்புக்கு அதிகம் விலகி இல்லை. உங்கள் சுவர் மழையில் கருப்பதும் இதேதான், திருப்பிப் போட்டால். மழைத் தண்ணீர் படலத்தின் இடுக்கில் இருந்த காற்றைத் துரத்துகிறது, வெள்ளை மறைகிறது. வெயில் வந்ததும் தண்ணீர் போய்க் காற்று திரும்புகிறது. உங்கள் படலம் திறந்த பஞ்சாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நிழலில் இருக்கும் ஒரு சுவரில் ஈரத் துணியை அரை நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள். துணியின் வடிவம் அப்படியே கருப்பாகப் பதிந்து நின்று, மெல்ல மறையும். நல்ல வெளிச்சுவர்ப் படலத்தில் அந்தத் தடம் இவ்வளவு அழுத்தமாக விழாது.

காற்றால் கிடைத்த மறைப்புக்கு நீங்கள் கொடுத்த விலையும் அதே இடுக்குகள் வழியாகத்தான் போகிறது. தண்ணீர் உள்ளே போகிறது, பாசி வேர் பிடிக்கிறது, அழுக்கு உள்ளே இறங்குகிறது, ஈரத் துணியால் துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வருகிறது. வெளிச்சுவரில் வெயில் மேற்பரப்புப் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பிசின் தாராளமாக இருந்தால் அந்த அரிப்புக்கு வருடக்கணக்கில் ஈடுகொடுக்கும். உங்கள் சுவரில் ஏற்கெனவே இழுத்துப் பிடித்த நிலை, ஒரே மழைக்காலத்தில் மாவு கிளம்பிவிட்டது.

இதைப் படித்துவிட்டுப் பொடி அதிகம் என்றாலே மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். கேட்டுக்கு அடிக்கும் பளபள எனாமலில் விகிதம் 15–20 அளவில் இருக்கும். உள்சுவர் மேட் பெயின்டில் 50, 60 என்று போகும். சீலிங் பெயின்ட் வேண்டுமென்றே எல்லையைத் தாண்டியே செய்யப்படுவதுண்டு, அதில் தவறே இல்லை. சீலிங்கில் யாரும் சாயப்போவதில்லை. விளக்கொளி அடித்துப் பளபளக்காது, ரோலர் தடம் தெரியாது, பின்னால் ஓர் இடத்தில் மட்டும் தொட்டு அடித்தாலும் ஒட்டுப் போட்டது தெரியாது. இதெல்லாம் பொடி கூடியதால் வரும் நன்மைகள்.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகளுக்கு இன்னொரு நியாயம் உண்டு. அங்கே சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சும். அதன்மேல் இடுக்கில்லாத பளபள பெயின்டை அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், உரிந்து விழும். மூச்சு விடும் வெள்ளையடிப்பே அந்தச் சுவருக்குச் சரி. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித் தானே கல்லாகி, தனக்குத் தானே பிசினாகவும் இருந்துகொள்கிறது. அந்த வீடுகளில் விலை உயர்ந்த எமல்ஷனைப் பரிந்துரைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

காற்றின் வெள்ளையை ஓட்டை இல்லாமல் வாங்கவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு மைக்ரானுக்கும் சின்னதான, பெயின்ட் காய்ந்ததும் உள்ளே காற்று அடைபடும் பாலிமர் குமிழ்களைப் பெயின்டில் சேர்ப்பது. காற்று குமிழுக்குள் இருப்பதால் மறைப்பு கிடைக்கும். குமிழ் மூடியிருப்பதால் தண்ணீர் நுழையாது. கடையில் இதெல்லாம் டப்பாவில் எழுதியிருக்காது. ஆனால் ஒன்று செய்து பார்க்கலாம்: ஒரே அளவுள்ள இரண்டு டப்பாவைக் கையில் தூக்கிப் பாருங்கள். விலை மலிவான மேட் எமல்ஷன் பெரும்பாலும் கனமாக இருக்கும். கனமான டப்பாவில் சரக்கு அதிகம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் கல்பொடியை.

உங்கள் சுவருக்கு வருவோம். இதன்மேல் நேரடியாக இன்னொரு நல்ல பெயின்டை அடித்துவிடாதீர்கள். பஞ்சு மாதிரி இருக்கும் பழைய படலம் புதுப் பெயின்டின் பிசினை உறிஞ்சிக்கொள்ளும். மேலே பொடி மட்டும் மிஞ்சும், புதுக் கோட்டும் பலமிழந்து நிற்கும். மாவின் மேல் பட்டி பார்ப்பது இன்னும் மோசம், பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். கெட்டியான பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, முழுசாகக் காய விடுங்கள். மழைக்காலம் என்றால் அவசரப்பட வேண்டாம். காய்ந்ததும் கறுப்புத் துணியால் அழுத்தித் துடையுங்கள். செலோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். வெள்ளை நிறைய வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். லேசாக மட்டும் வருகிறது என்றால், உள்ளே இறங்கிப் பிடிக்கும் வெளிச்சுவர் பிரைமரை, டப்பாவில் போட்ட அளவுக்கே தண்ணீர் கலந்து, ஒரு கோட் கொடுங்கள். பிசின் நிறைய இருக்கும் பிரைமராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இடுக்குகளில் இல்லாமல் போன பிசினை அதுதான் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறது. அதன்மேல் நல்ல வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட், தேவைப்பட்டால் மூன்று. பழைய நிறம் தெரிகிறது என்றால் கோட்டைக் கூட்டச் சொல்லுங்கள், பொடியைக் கூட்ட விடாதீர்கள். பெயின்டரிடம் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். வைட்டிங் கலப்பது டிஸ்டெம்பர் காலத்திலிருந்து கைமாறி வந்த பழக்கம், அவருக்கு யாரும் காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேட்டுக்கு எனாமலில் எந்தப் பொடியும் சேர்க்கக் கூடாது. முதலில் பளபளப்பு போகும், அப்புறம் தண்ணீர் இரும்பைத் தொடும், துரு உள்ளிருந்து தள்ளும். அடியில் அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரில் பொடி ஏற்கெனவே எல்லைக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றியிருப்பார்கள். அதனால்தான் அது மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்து மேல் கோட்டை நன்றாகக் கவ்வுகிறது. அதில் தின்னரைக் கண்டபடி ஊற்றாமல் அடித்தாலே போதும். இரும்பில் எல்லையைத் தாண்டலாம் என்ற விதிவிலக்கு துத்தநாகப் பிரைமருக்கு மட்டும். பாலங்கள், துறைமுகக் கிரேன்கள் மாதிரியான இடங்களில் அது வேலை செய்யத் துத்தநாகத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரும்பையும் தொட்டிருக்க வேண்டும். சர்வதேசத் தரவிதி காய்ந்த படலத்தின் எடையில் 80 சதவீதமாவது துத்தநாகம் கேட்பது அதற்காகத்தான். வீட்டு கேட்டுக்கு அது வேண்டாம்.

மீதி அரை பக்கெட்டைக் கொட்டிவிட வேண்டாம். நைலான் வலையிலோ பழைய வேட்டித் துணியிலோ வடிகட்டிக் கட்டிகளை எடுத்துவிட்டு, ஸ்டோர் ரூம் சீலிங்குக்கு இரண்டு கோட் அடித்துவிடுங்கள்.